லோரிக்கு முன்னால் சவுந்தரம்

கட்டின பெண்டாட்டி என் லோரியில் ஏறிவிடக் கூடாது என்று ஜெபமாலை சொல்லிக்கொண்டே லோரி ஓட்டினவன் இந்தப் பினாங்குத் தீவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

என் பெயர் பால்ராஜ். பாசாருக்குக் காய்கறி ஏற்றும் லோரி என்னுடையது. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது காய்கறி ஏற்றாது, சைக்கிள் ஏற்றும். அன்றைக்கு ஐந்நூறு அறுநூறு பேர் சைக்கிளில் தீவை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். காலை ஆறரைக்கு டவுனில் கடற்கரைத் திடலில் கிளம்பி, ஜெலுத்தோங் கடலோரமாகவே பாயான் லெப்பாஸ், தெலுக் கும்பார், அங்கிருந்து கெந்திங் மேடு ஏறி இறங்கினால் பாலிக் புலாவ். வயலுக்கு நடுவில் வாய்க்கால் பாதை. பிறகு தீத்தி கெராவாங் காட்டுமலை. மலையை விட்டு இறங்கினால் தெலுக் பஹாங், அப்புறம் கடலை ஒட்டியே பத்து ஃபெரிங்கி, தஞ்சோங் பூங்கா, மறுபடியும் திடல். எழுபது கிலோமீட்டருக்குக் குறையாது. பன்னிரண்டேகால் மணிக்குள் வந்து சேர வேண்டும்.

எல்லோருக்கும் கடைசியில் வருவது என் லோரி. 'சாப்பு லோரி' என்பார்கள். மலாயில் சாப்பு என்றால் கூட்டுவது. குப்பை கூட்டுகிற மாதிரி, முடியாதவர்களை எல்லாம் கூட்டி அள்ளிக்கொண்டு வருவது என் வேலை. எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. லோரி யார் பின்னால் வந்து ஒட்டுகிறதோ அவருக்கு இரண்டு ஹோர்ன் அடிப்பேன். அடித்துவிட்டால் முடிந்தது. இறங்கி, லோரியில் ஏற வேண்டியதுதான். ஹேண்டிலில் கட்டியிருக்கிற நம்பர் அட்டையைப் பக்கத்து சீட்டில் இருக்கிற பிள்ளை கத்தரியால் வெட்டி எடுத்துக்கொள்ளும்.

போன வருஷம் அப்படி வெட்டின அட்டைகளில் ஒன்று என் சவுந்தரத்தினுடையது.

சவுந்தரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுங்கை பினாங்கில் பிறந்து, சுங்கை பினாங்கிலேயே என்னைக் கட்டி, அங்கேயே பிளாட்டு வீட்டில் இருக்கிறாள். பதினெட்டு வயதில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போனவள். முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று, ஒரே கம்பெனி. மயிரைவிட மெல்லிய கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒட்டுகிற வேலை. விடியற்காலை ஃபேக்டரி பஸ் ஏறினால், போகிற வழியில் எங்கே ஒரு கோயில் தெரிந்தாலும் நெற்றியில் கை வைத்துச் சிலுவை போடுவாள். பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தாலும் அந்த இடம் வந்தால் கண் தானாகத் திறக்கும், கை தானாக எழும்பும், திரும்பவும் தூங்குவாள். பக்கத்து சீட்டு நோர்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நோர்மாவும் சவுந்தரமும் இருபது வருஷமாக அந்த ஃபேக்டரியில் அடுத்தடுத்த நாற்காலி.

கோவிட் வந்த வருஷம் பஸ்ஸில் பாதிப் பேரைத்தான் ஏற்றினார்கள். எங்கள் பக்கத்து நிறுத்தத்தை எடுத்தே விட்டார்கள். நான் நாலு மணிக்கெல்லாம் லோரியில் போய்விடுவேன். எங்கள் மகன் டெஸ்மண்ட் சிங்கப்பூரில் வேலைக்குப் போனபோது விட்டுப்போன சைக்கிள், வராண்டா கம்பியில் பூட்டுப் போட்டபடி துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

"என்னாங்க, இந்த சைக்கிள இறக்குங்க."

"உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே."

"தெரியாதுன்னா கத்துக்கிறது. ஃபேக்டரிக்குப் போகும்போது எனக்கு மைக்ராஸ்கோப் தெரிஞ்சா போனேன்?"

அப்போது அவளுக்கு நாற்பத்தேழு வயது. ஆற்றோரப் பாதையில் நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். மூன்றாம் நாள் நான் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன், அவள் நிற்கவில்லை. "விட்டுட்டீங்களா? விட்டுட்டீங்களா?" என்று கத்திக்கொண்டே போகிறாள், திரும்பிப் பார்க்கத் தெரியாமல். பாலம் வரைக்கும் போய்விட்டாள். பிரேக் பிடிக்க நான் சொல்லித் தரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வேலியில் மோதி நின்று, முட்டியெல்லாம் ரத்தத்தோடு சிரிக்கிறாள். கல்யாணத்தன்றைக்குக்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அப்புறம் யார் நிறுத்த முடியும்? கடலோர சைக்கிள் பாதையில் ஃபேக்டரிக்குப் போனாள், வந்தாள். பஸ் திரும்பி வந்த பிறகும் பஸ் ஏறவில்லை. ஆட்டுக்கொம்பு மாதிரி ஹேண்டில் வளைந்த மெல்லிய சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளை லோரியில் ஏற்றி பாலிக் புலாவுக்குக் கூட்டிப்போகச் சொல்வாள். வயலுக்கு நடுவே வாய்க்கால் பாதை நேராக, ஆள் இல்லாமல், கொக்கும் நாரையுமாகக் கிடக்கும். நான் ஒரு மரத்தடியில் தே ஓ, பால் விடாத டீ, குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் தூரத்தில் சின்னப் புள்ளியாகப் போய், திரும்பப் பெரிதாகி வருவாள்.

போன வருஷம் தீவு சுற்றுகிற ஓட்டத்துக்கு முதல் தடவையாகப் பேர் கொடுத்தாள். நன்றாகத்தான் போனாள். பாலிக் புலாவ் டவுனுக்குள் நுழைந்தாள். அங்கே மாதா கோயில் வந்தது. முப்பது வருஷப் பழக்கம், கை தானாக எழும்பியது. பஸ்ஸாக இருந்தால் டிரைவர் பிடித்துக்கொள்வான். சைக்கிளை யார் பிடிப்பது? 'பிதா' என்று நெற்றிக்குக் கை போனது, 'சுதன்' என்று நெஞ்சுக்கு வருமுன் முன்சக்கரம் திரும்பி, சவுந்தரம் லோங்கானுக்குள் கிடந்தாள். ரோட்டோர சாக்கடை. நல்லவேளை, தண்ணீர் இல்லை. சக்கரம் மடங்கிவிட்டது. இருபது நிமிஷம் கழித்து என் லோரி வந்தது.

பக்கத்து சீட்டில் இருந்தது ஃபாத்தின் என்கிற மலாய்ப் பிள்ளை. காலேஜ் முடித்த பெண், நல்ல பிள்ளை, ஆனால் கண்டிப்பு. கத்தரியை எடுத்துக்கொண்டு இறங்கியது. "மன்னிச்சுக்கோங்க ஆண்ட்டி" என்று சொல்லிக்கொண்டே அட்டையை வெட்டியது. சவுந்தரம் லோரியின் பின்பக்கம் ஏறி, சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திடல் வரைக்கும் ஒரு பேச்சு இல்லாமல் வந்தாள். அவள் அழுது நான் பார்த்திருக்கிறேன், அது எனக்குப் பழக்கம். பேசாமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஃபாதரிடமே நான் போய்ச் சொன்னேன். அவர் அவளைக் கூப்பிட்டு, "சவுந்தரம்மா, சைக்கிள் ஓட்டும்போது மனசுக்குள்ள சிலுவை போட்டாப் போதும். ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்" என்றார்.

"அவரு கோவிச்சுக்க மாட்டாரு ஃபாதர், தெரியும். ஆனா மனசுக்குள்ள சாப்பிட்டா பசி ஆறுமா?"

ஃபாதர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வருகிற வழியில் நானும் சொல்லிப் பார்த்தேன். "ஃபேக்டரி பஸ்ல சும்மா உட்காந்து போனப்ப எல்லாம் போட்டேன்" என்றாள். "இப்ப சொந்தக் கால்ல மிதிச்சுப் போறேன். இப்பப் போய் போடாம போனா என்னாங்க நியாயம்?"

அப்படித்தான் அந்தப் பயிற்சி ஆரம்பமானது. ஒரு கையில் சைக்கிள் ஓட்டி, இன்னொரு கையால் முழுச் சிலுவை போடப் பழகுவது! அதே வாய்க்கால் பாதை. முதல் மாதம் முழுக்க 'பிதா' மட்டும்தான். கை நெற்றிக்குப் போகும், உடனே ஹேண்டிலுக்கு ஓடி வந்துவிடும். அடுத்தது 'சுதன்.' அங்கேதான் கஷ்டம். கை நெஞ்சுக்கு வரும்போது கண்ணும் கூடவே கீழே போகும், கண் போனால் சக்கரம் போகும். ஒரு நாள் அப்படி வாய்க்காலுக்குள்ளேயே போய்விட்டாள். நான் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடுகிறேன், இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள். அக்கரையில் ஒரு பெரிய பியாவாக், உடும்பு மாதிரி, நாக்கை நீட்டிக்கொண்டு அவளையே பார்க்கிறது.

"கண்ண ரோட்டுல வைக்கணும்ங்க!" என்று சேற்றோடு கத்தினாள், என்னவோ பரீட்சையில் பாஸான மாதிரி. "கை தானா வழி கண்டுபிடிக்கும். கண்ண மட்டும் ரோட்டுல வைக்கணும்!"

'பரிசுத்த ஆவி'க்கு இடது தோள், வலது தோள் என்று கை குறுக்கே போக வேண்டும். அதற்கு மூன்று மாதம். ஆமென் வரைக்கும் சக்கரம் நூல் பிடித்த மாதிரி போனது தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. நான் மரத்தடியில் எழுந்து நின்று கை தட்டினேன். வயலில் இருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவரும் எதற்கென்று தெரியாமலேயே கூடத் தட்டினார்.

இதற்குள் நோர்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது. "காக், நானும் வரேன்" என்றாள். எங்கள் சவுந்தரத்தை அவள் காக் என்றுதான் கூப்பிடுவாள், அக்கா என்று அர்த்தம். நோர்மாவுக்கு முட்டி கொஞ்சம் பலமில்லை, மெதுவாகத்தான் மிதிப்பாள். ஆனால் வாய் மட்டும் நல்ல வேகம்.

ஓட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலப் பூசை பார்த்துவிட்டு வந்தோம். சவுந்தரம் நம்பர் அட்டையை ஹேண்டிலில் கட்டினாள். நானூற்றுப் பதினேழு. முடிச்சு மேல் முடிச்சு போட்டாள். என் பக்கம் திரும்பினாள்.

"இந்தாங்க, ஒண்ணு சொல்றேன். எனக்காக லோரிய மெதுவா ஓட்டுனீங்கன்னா, அதுக்கு நான் ஏறி உட்காந்துக்கலாம். கேட்டீங்களா?"

"நான் எதுக்கு மெதுவா ஓட்டப் போறேன்?"

"உங்கள எனக்குத் தெரியாது?"

மறுநாள் விடிந்ததும் திடலில் நின்றவர்களைப் பார்க்க வேண்டுமே! கண்ணுக்கு எட்டின வரைக்கும் தலைக்கவசம், மஞ்சளும் பச்சையுமாகச் சட்டை, சக்கரம் சுற்றுகிற கிரீச் சத்தம். நோர்மா தலைத்துணிக்கு மேல் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு இருபது தடவை போட்டோ எடுத்தாள். ஊதல் ஊதினார்கள். ஒரே கூட்டமாகக் கிளம்பிப் போனார்கள். கடைசி சைக்கிளும் மறைந்த பிறகு நான் லோரியைக் கிளப்பினேன். பக்கத்தில் அதே ஃபாத்தின், அதே தாள், அதே கத்தரி.

தெலுக் கும்பார் தாண்டும் வரைக்கும் ஒருத்தரும் அகப்படவில்லை. கெந்திங் மேட்டில் ஒருவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார். சதீசன் என்று பேர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், பேங்க் அதிகாரி. சுண்டுவிரலால் தூக்கிவிடலாம் போல அவ்வளவு லேசான, அவ்வளவு நல்ல சைக்கிள். செயின் அறுந்துவிட்டது. ஃபாத்தின் அட்டையை வெட்டியது. மனுஷன் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. லோரியில் ஏறி, வைத்திருந்த வாழைப்பழச் சீப்பைப் பார்த்ததும், "அண்ணே, இது யாருக்கு?" என்றார்.

"உங்களைப் போல ஏறுறவங்களுக்குத்தான் சார்."

"அப்ப நான் ஒருத்தன்தானா? நல்லது" என்று உரித்தார்.

பாலிக் புலாவ் மாதா கோயில் வாசலில் எங்கள் பங்குப் பிள்ளை ஷேரன் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். லோரியைக் கண்டதும் நடுரோட்டுக்கே ஓடி வந்தாள்.

"அங்கிள்! ஆண்ட்டி போட்டாங்க அங்கிள்! ஃபுல் சிலுவை! ஒத்தக் கையில! கொஞ்சம்கூட ஆடல! நாங்க எல்லாம் கத்துனோம், அவங்க திரும்பிக்கூடப் பார்க்கல, கண்ணு ரோட்டுலயே!"

ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்தினேன், சந்தோஷத்தில். ஃபாத்தினுக்குத் தமிழ் தெரியாது. மலாயில் விளக்கிச் சொன்னேன். போன வருஷம் லோங்கானில் விழுந்தது எதனால் என்று அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு, "எத்தனை மணிக்குக் கடந்தாங்களாம்?" என்று கேட்டது. ஷேரன் சொன்ன நேரத்தைத் தாளில் பார்த்தது. "நமக்கு இருபத்தைந்து நிமிஷம் முன்னால இருக்காங்க, அங்கிள். கவலைப்படாதீங்க."

நானும் கவலைப்படவில்லை, தீத்தி கெராவாங் வரும் வரைக்கும்.

அந்த மலையை ஏறினவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் டுரியான் மரமும் காடும், வளைவுக்குப் பின் வளைவு, எப்போதும் ஈரமான ரோடு, எங்கேயோ அருவிச் சத்தம். நாலாவது வளைவில் திரும்பினேன். எனக்கு முன்னால் இரண்டு முதுகு. ஒன்று நோர்மா. பக்கத்தில் சவுந்தரம். இருபத்தைந்து நிமிஷமும் மேட்டில் கரைந்துபோயிருந்தது. நோர்மாவின் முட்டி மக்கர் பண்ணுகிறது, சவுந்தரம் அவளுக்காகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே போகிறாள் என்று பார்த்த உடனேயே புரிந்தது.

முப்பது மீட்டர்தான் இருக்கும். என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"ஏன் அங்கிள் ஸ்லோ?" என்றது ஃபாத்தின், தாளிலிருந்து தலையைத் தூக்காமலே.

"கியர் கொஞ்சம்…"

பொய் சொல்லி வாய் மூடவில்லை, முன்னாலிருந்து சத்தம் வந்தது. சவுந்தரம் திரும்பிப் பார்க்கவில்லை. இன்ஜின் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னாங்க! இன்ஜின் ஏன் இறங்குது? ஒழுங்கா வாங்க! தாள்ல எப்படி இருக்கோ அப்படி வாங்க!"

பின்னால் சதீசன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் காது சுட்டது. ஆண்டவரே மன்னியும் என்று சொல்லி, காலை எடுத்து, தாளில் இருக்கிறபடி ஓட்டினேன். ஓட்டிக்கொண்டே ஜெபமாலையைத் தொடங்கினேன். மணியைத் தொடக் கை இல்லை. அருள் நிறைந்த மரியே ஒன்று, இரண்டு என்று வளைவை வைத்துத்தான் எண்ணினேன்.

சதீசன் லோரியின் பின்னால் எழுந்து நின்று, கேபின் கூரையைத் தட்டித் தட்டிக் கத்தினார். "அக்கா! இன்னும் ரெண்டே வளைவு! உட்கார்ந்தே மிதிங்க, எழும்பாதீங்க! அந்த நோர்மா அக்காவுக்குச் சொல்லுங்க, சின்னக் கியர், சின்னக் கியர்!" நோர்மா மூச்சு வாங்கிக்கொண்டே, "அந்த ஆளை வாழைப்பழம் தின்னச் சொல்லு காக்!" என்றாள். அந்த மேட்டிலும் வாய் குறையவில்லை.

உச்சியைக் கடந்தார்கள். இறக்கம்! இரண்டு பேரும் அம்பு மாதிரி போய்விட்டார்கள். அணைக்கட்டுத் தண்ணீர் மரங்களுக்கு நடுவே பளபளவென்று தெரிந்து மறைந்தது. தெலுக் பஹாங்கில் நாங்கள் இறங்கினபோது அவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. ஃபாத்தின் மணியைப் பார்த்து, "ஆறு நிமிஷம் முன்னால" என்றது.

பத்து ஃபெரிங்கி ரோடு கடலைத் தொட்டுக்கொண்டே போகும். இடது பக்கம் பாறையில் அலை அடித்துத் தெறிக்கும். பார்க்க அழகு, மிதிக்கக் கஷ்டம், ஏறி இறங்கி ஏறி இறங்கி. தஞ்சோங் பூங்காவுக்கு முன்னால் ஒரு மேடு. அதன் அடியில் நோர்மாவின் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சைக்கிள் நிற்கப் பார்க்கிறது, காலை உதறுகிறாள், முகம் வலியில் சுருங்குகிறது. லோரி நெருங்கிக்கொண்டே இருக்கிறது. ஜன்னல் திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"நீ போ காக்! உன் நம்பரைக் காப்பாத்து! நான் உன் புருஷன் லோரியில வரேன்!"

"உன்ன லோரில ஏத்திட்டு நான் மட்டும் போயி, நாளைக்கு ஃபேக்டரி லைன்ல யாரு மூஞ்சியில முழிக்கிறது? ஒரு கால்ல மிதி! மிதிடீ!"

பாதி மலாய், பாதி தமிழ். அப்புறம் சவுந்தரத்தின் வலது கை ஹேண்டிலை விட்டு எழும்பியது. அங்கே கோயில் ஒன்றும் இல்லையே, எதற்குக் கையை எடுக்கிறாள் என்று பார்க்கிறேன். அந்தக் கை நெற்றிக்குப் போகவில்லை. நேராக நோர்மாவின் முதுகில் போய் உட்கார்ந்தது. அப்படியே தள்ளினாள்.

கண் ரோட்டில். ஒரு கை ஹேண்டிலில். ஒரு கை நோர்மா முதுகில். இரண்டு சைக்கிளும் மேட்டில் ஏறத் தொடங்கின!

"இது ரூல்ஸ்ல இருக்கா?" என்று ஃபாத்தின் பதறிப்போய்த் தாளைப் புரட்டியது. பின்னாலிருந்து சதீசன் கேபின் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "படி, படி, நல்லாப் படி" என்றார். அந்தப் பிள்ளை விரலை வைத்து வரி வரியாகப் படித்தது. மோட்டாரைப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது, காடியைப் பிடிக்கக் கூடாது, லோரியைப் பிடிக்கக் கூடாது. கடைசி வரி வரைக்கும் போய், தாளை மடித்து வைத்தது.

"மனுஷன் கையைப் பத்தி ஒண்ணும் எழுதல" என்றது. உடனே தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அதுவரைக்கும் ஒழுங்காக இருந்த பிள்ளை, "மிதிங்க ஆண்ட்டி! மிதிங்க!" என்று அலறியது.

அங்கிருந்து திடல் வரைக்கும் ஏழெட்டு கிலோமீட்டர். சமநிலத்தில் நோர்மா ஒற்றைக் காலால் மிதித்தாள், சவுந்தரம் தள்ளினாள். கை மரத்துப்போனால் கொஞ்சம் எடுத்து உதறுவாள், திரும்பவும் வைப்பாள். என் லோரி பதினைந்து மீட்டரில், பத்து மீட்டரில். என் கட்டை விரல் ஹோர்ன் மேலேயே இருந்தது. அடிக்க வேண்டிய தூரம் வந்தால் அடித்துத்தான் ஆக வேண்டும், நேற்றே சொல்லிவிட்டாள். குர்னி கடலோரத்தில் நடந்துபோகிற ஜனம் எல்லாம் நின்று பார்த்தது. சீனக் கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி வீசினார். சதீசன் யாரிடமிருந்தோ தகரம் ஒன்றை வாங்கித் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.

கடைசி வளைவு திரும்பினால் ஃபார்குவார் தெரு. அங்கே மாதா கோயில். அதைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் திடல். மணி பன்னிரண்டு பதினொன்று.

கோயில் வந்தது. சவுந்தரத்தின் கை எழும்பவில்லை. நோர்மா முதுகிலேயே இருந்தது. கோயிலைக் கடந்து போனார்கள், அவள் தலைகூடத் திரும்பவில்லை. நான்தான் கையை எடுத்து முழுச் சிலுவை போட்டேன், அவளுக்கும் சேர்த்து.

"அங்கிள்! ஸ்டியரிங்!" என்று ஃபாத்தின் கத்தியது.

பன்னிரண்டு பதின்மூன்றுக்கு இரண்டு சைக்கிளும் திடலில் கட்டியிருந்த முடிவு வளைவுக்குள் நுழைந்தன. ஒன்றாகவே. எது முந்தியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் லோரியை நிறுத்திவிட்டு இறங்கினேன். நோர்மா புல்லில் மல்லாந்து கிடந்து அழுகிறாள், சிரிக்கிறாள். ஃபாத்தின் ஓடிப்போய் அவள் காலை நீவிவிட்டது. சவுந்தரம் சைக்கிளில் இருந்து இறங்காமல் ஹேண்டிலைப் பார்த்தாள். நானூற்றுப் பதினேழு, முடிச்சு மேல் முடிச்சு, அப்படியே இருந்தது. அதைத் தடவினாள். திடீரென்று முகம் மாறியது.

"ஏங்க. கோயிலு வந்துச்சா?"

"வந்துச்சு. ரெண்டு பேரும் தாண்டிட்டீங்க."

"நான் போட்டேனா?"

"எங்க போடுறது? கை நோர்மா முதுகுலல்ல இருந்துச்சு. நான் உனக்கும் சேர்த்துப் போட்டுட்டேன், விடு."

"நீங்க போட்டா அது உங்களது. எனக்கு எப்படி ஆகும்?"

சைக்கிளைத் திருப்பினாள். "வேணாம்மா, அப்புறம் நடந்து போயிட்டு வரலாம், கை கால் எல்லாம் ஓஞ்சு போயிருக்கு" என்கிறேன், கேட்கவில்லை. புல்லில் கிடந்த நோர்மாவிடம், "அஞ்சு நிமிஷம், வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டாள். ரோடு இன்னும் மூடித்தான் இருந்தது, ஒரு காடி இல்லை. நான் என்ன செய்வேன்? லோரியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஃபாத்தின் தாவி ஏறிக்கொண்டது. சதீசன் இறங்கவே இல்லை.

கோயிலுக்கு நேரே வந்தாள். கண் ரோட்டில். வலது கை எழும்பியது. நெற்றி. நெஞ்சு. இடது தோள். வலது தோள். சக்கரம் நூல் பிடித்த மாதிரி போகிறது!

எனக்குத் தாங்கவில்லை. காலையிலிருந்து அவளுக்கு அடிக்காமல் அடக்கி வைத்திருந்த ஹோர்னை இரண்டு தடவை, நீளமாக, அழுத்திவிட்டேன்.

சவுந்தரம் துள்ளிப்போய், சைக்கிள் இந்தப் பக்கம் ஒரு ஆட்டம், அந்தப் பக்கம் ஒரு ஆட்டம், விழப் பார்த்து, இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினாள். இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு லோரிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஆண்டவரே பேசாம பார்த்துக்கிட்டிருக்காரு! உங்களுக்கு என்னாங்க அவசரம்?"

பக்கத்து சீட்டில் ஃபாத்தின் கத்தரியை மெல்ல எடுத்துச் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தது.